நினைவில் கொள்ளுமாறு பணிக்கப்பட்ட நாள்: 1953 முடிசூட்டு விழா பற்றிய பிரித்தானியக் குழந்தைப் பருவ நினைவெழுத்துகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் குழந்தைகளாக வளர்ந்தோர் தம் நடுவயதிலும் முதுமையிலும் எழுதிய நினைவெழுத்துகளில் ஒரு நாள் தவறாது இடம்பெறுகிறது. அது 1953 ஜூன் 2. இரண்டாம் எலிசபெத்து முடிசூட்டிக்கொண்ட நாள். தன்வரலாற்று நூல்கள், ஊர் வரலாற்றுக் கழகங்களின் சிறு வெளியீடுகள், செய்தித்தாள்களின் வெள்ளிவிழா, பொன்விழா மலர்கள், வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகள் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் இவ்வெழுத்துகளை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு முதலில் தோன்றுவது வியப்பன்று, அலுப்பே. மழை பெய்தது, அண்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூட்டம் கூடியது, பள்ளியில் குவளை கொடுத்தார்கள், தெருவிருந்தில் ஜெல்லி கிடைத்தது. எழுதியவர் யார், எவ்வூரினர், எவ்வகுப்பினர் என்ற வேறுபாடின்றி இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. எனவே வரலாற்றாசிரியர் பலர் இவற்றை ஏக்கப் பெருமூச்சு என்று ஒதுக்குவர். வேறு சிலர் நாடு முழுவதும் ஒருமனப்பட்டிருந்தமைக்கு இந்த ஒப்புமையையே சான்றாகக் கொள்வர். இவ்விரு முடிவுகளும் இவ்வெழுத்துகளைப் படிக்காமலே எட்டப்பட்டவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

திரும்பத் திரும்ப வரும் பொருள்களைக் கொண்டு ஒரு வகைமையை அடையாளம் காண்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. முதல், கரு, உரி என்னும் அகப்பொருள் பாகுபாட்டை இவ்விடத்தில் ஒரு வசதிக்காக மட்டும் இரவல் பெறலாம். அயல்நாட்டு உரைநடைக்குத் திணை வகுப்பது நோக்கமன்று. அவ்வாறு வகுத்துக் காட்டிய முயற்சிகள் சில முன்னரே நம் ஆய்வுலகில் போதிய அளவு சங்கடத்தைத் தந்துள்ளன. ஆயினும் இப்பாகுபாடு ஒரு நல்ல வினாவை எழுப்ப உதவுகிறது. இந்நினைவெழுத்துகளின் முதற்பொருள் தெளிவு: ஜூன் மாதத்துக்கு ஒவ்வாத குளிரும் மழையும் கொண்ட ஒரு பகல், திரை இழுத்துவிடப்பட்ட ஒரு முன்னறை. கருப்பொருளும் தெளிவு: குவளை, கொடி, வண்ணக் காகித உடை, சர்க்கரை, தொலைக்காட்சிப் பெட்டி. உரிப்பொருள் எது என்பதுதான் வினா. அது பெருமிதம் என்றே எழுபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

குவளையின் வேலை

முதலில் கருப்பொருள்களை நோக்குவோம். இவற்றுள் இனிப்பு வரலாற்று உறுதி மிக்கது. போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு போர் முடிந்து எட்டாண்டுகள் ஆகியும் நீங்கவில்லை. மிட்டாய்களுக்கான பங்கீடு 1949இல் ஒருமுறை நீக்கப்பட்டு, தேவை மிகுந்து கடைகள் காலியாகவே, சில மாதங்களில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இறுதியாக 1953 பிப்ரவரி 5 அன்றுதான் அது ஒழிந்தது. சர்க்கரைப் பங்கீடு அவ்வாண்டு செப்டம்பர் வரையிலும், இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலை வரையிலும் நீடித்தன. முடிசூட்டு விழாவை முன்னிட்டு ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரையும் நான்கு அவுன்சு மார்கரினும் கூடுதலாக வழங்கப்பட்டன. 1945இல் பிறந்த ஒரு குழந்தை தன் எட்டாவது வயதில்தான் பங்கீட்டுச் சீட்டு இல்லாமல் மிட்டாய்க் கடைக்குள் முறையாக நுழைந்தது. ஆகவே விருந்தின் சுவை அபியின் சடங்கை விட ஆழமாகப் பதிந்திருப்பதைக் குழந்தைத்தனம் என்று புன்னகைத்துக் கடப்பது பிழை. அக்குழந்தை அரசின் கொள்கையைத் தன் நாவால் அறிந்திருந்தது.

தெருவிருந்து நினைவுகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. பிற்காலத்தில் எழுதுவோர் சிலர் 'கொரோனேஷன் சிக்கன்' என்னும் உணவை அவ்விருந்தில் வைத்துவிடுகின்றனர். கறிப்பொடியின் மணம் இலேசாகச் சேர்ந்த அக்கோழி உணவு, விருந்தினர்க்கென லண்டனின் சமையற்கலைப் பள்ளி ஒன்றில் ரோஸ்மேரி ஹியூம், கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை ஆகியோர் முயற்சியால் உருவானது. 1956இல் வெளிவந்த ஸ்பிரையின் சமையல் நூல் வழியாகவே அது வீடுகளை எட்டிப் பரவியது. தெருவில் குழந்தைகள் தின்றது பசை தடவிய ரொட்டியும் ஜெல்லியும் கேக்கும். கோழி என்பது அந்நாளில் எளிய குடும்பத்தின் அன்றாட உணவும் அன்று. பின்னர் அறிந்த ஒன்றை முன்னர்க் கண்டதாக நினைவு இணைத்துக்கொள்ளும் முறைக்கு இது ஓர் எளிய சான்று.

குவளையின் நிலை வேறு. ஊராட்சி அமைப்புகளும் பள்ளிகளும் குழந்தைகளுக்கு வழங்கிய முடிசூட்டுக் குவளை தின்று தீர்வதன்று; விளையாடித் தேய்வதுமன்று. பல வீடுகளில் அதில் எதையும் குடிக்கவும் விடவில்லை. நிலைப்பேழையில் ஏற்றி வைத்தனர். குழந்தைக்குக் கொடுக்கப்பட்டு, குழந்தையிடமிருந்து காக்கப்பட்ட பொருள் அது. அதில் பொறித்திருந்த ஆண்டும் உருவமும் எதிர்காலத்தை நோக்கியவை. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதன் நினைவு பீங்கானில் சுடப்பட்டு வரிசையில் காத்திருந்தது. 'இந்நாளை நீ வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பாய்' என்பது பெற்றோரும் ஆசிரியரும் குழந்தைகளிடம் சொன்ன வாக்கு. அது முன்னறிவிப்பு போல் ஒலித்தாலும் உண்மையில் கட்டளை. இக்கட்டளையை மறந்துவிட்டு இந்நினைவெழுத்துகளைப் படித்தால் அவற்றின் ஒப்புமை புதிராகவே இருக்கும். எல்லாரும் ஒன்றையே நினைவுகூர்கின்றனர் என்பது எல்லாரும் ஒன்றையே உணர்ந்தனர் என்று பொருள்படாது. எல்லாருக்கும் ஒரே வீட்டுப்பாடம் தரப்பட்டது என்றே பொருள்படும்.

இதற்கு முந்தைய பெருவிழாவுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். 1951 மே முதல் செப்டம்பர் வரை நடந்த பிரித்தானிய விழாவின்போது லண்டன் தென்கரைக் காட்சிக்கு ஏறத்தாழ 85 இலட்சம் பேர் வந்தனர். அவ்விழாவைப் பற்றிய குழந்தைப் பருவ நினைவுகள் இடத்தைப் பற்றியவை: கண்டுபிடிப்புக் குவிமாடத்தின் வெள்ளிக் கூரை, ஆதாரமின்றி நிற்பதாகத் தோன்றிய ஸ்கைலான் கூர்ங்கோபுரம், பாட்டர்சீ பூங்காவின் கேளிக்கை இரயில். ஓடலாம், தொடலாம், தொலைந்தும் போகலாம். அவ்வாண்டு அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சிலின் அரசு அவற்றுள் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளியது; இசையரங்கம் எஞ்சியது. எனவே அந்நினைவுகளுக்கு இல்லாத இடத்தைத் தேடும் தன்மை உண்டு. 1953 நினைவுகளில் தேடல் இல்லை. பொருள் வீட்டிலேயே இருக்கிறது.

பெருமிதமும் இளிவரலும்

விழா நடந்த அதே ஆண்டில் சமூகவியலாளர்களான எட்வர்ட் ஷில்சும் மைக்கேல் யங்கும் 'முடிசூட்டு விழாவின் பொருள்' என்னும் கட்டுரையை வெளியிட்டனர். சமூகம் தன் அடிப்படை ஒழுக்க மதிப்புகளை மீண்டும் உறுதிசெய்துகொண்ட ஒரு தேசியக் கூட்டு வழிபாடாக அவ்விழாவை அவர்கள் விளக்கினர். குடும்பங்கள் ஒரு பெட்டியின் முன் கூடியமை அவர்களுக்கு முக்கியச் சான்றாயிற்று. யங் 1945ஆம் ஆண்டுத் தொழிற்கட்சித் தேர்தல் அறிக்கையின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். அரச விழாவின் புகழ்பாடிகள் அனைவரும் பழமைவாதிகள் அல்லர். 1955இல் நார்மன் பர்ன்பாம் இதற்கு மறுப்பு எழுதினார். வகுப்பு முரண்களை மறைத்துவிட்டு ஒருமைப்பாட்டை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு அதையே முடிவாகக் காட்டுகின்றனர் என்பது அவரது குற்றச்சாட்டு. 'மாஸ் அப்சர்வேஷன்' அமைப்பு திரட்டிய நாட்குறிப்புகளைப் பயன்படுத்திப் பிலிப் ஜீக்லர் 1978இல் எழுதிய 'கிரவுன் அண்ட் பீப்பிள்' நூல் ஈடுபாடு, அலட்சியம், எரிச்சல் ஆகிய மூன்றும் கலந்த சித்திரத்தைத் தருகிறது. 1983இல் வெளியான டேவிட் கனடைனின் கட்டுரை, பழமை என எண்ணப்படும் அரசச் சடங்குகளின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புனையப்பட்டது எனக் காட்டியது.

இவ்விவாதம் முழுவதும் வளர்ந்தோர் பற்றியது. குழந்தை இதில் குடும்பத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே எண்ணப்படுகிறது. ஆனால் நினைவெழுத்துகளில் பேசுவது குழந்தையாக இருந்தவரே. அவ்வெழுத்துகளுள் பொதுப்படையான தொடக்கத்தைத் தாண்டிச் சற்றே உள்ளே செல்வனவற்றைக் கவனித்தால் பெருமிதம் அரிதாகவே தென்படுகிறது. மெய்ப்பாட்டியல் கூறும் எட்டனுள் அங்கு மிகுந்து நிற்பவை மருட்கையும் இளிவரலும். வண்ணக் காகிதத்தில் தைத்த உடை மழையில் நனைந்து சாயம் காலில் வழிந்தது. மாறுவேடப் போட்டியில் தன் தாய் இரவெல்லாம் தைத்ததற்குப் பரிசு கிடைக்கவில்லை. அண்டை வீட்டுக் கம்பளத்தில் காலணியோடு நடந்ததற்காக எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டது. தங்கள் வீட்டில் பெட்டி இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. தொல்காப்பியம் இளிவரலுக்குக் கூறும் நிலைக்களன்களுள் வருத்தமும் மென்மையும் அடங்கும். வலிமை குன்றிய நிலையே மென்மை என உரையாசிரியர் வழி நின்று கொண்டால் மேற்கூறிய நினைவுகள் அனைத்தும் அதனுள் வந்து அமைகின்றன.

தொலைக்காட்சி இவ்விளிவரலுக்குப் புதிய வடிவம் தந்தது. அன்று நாட்டில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் ஒளிபரப்பைக் கண்டனர். அவர்களுள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டது பிறர் வீட்டில். ஷில்சும் யங்கும் இதில் அண்டையயலாரின் நெருக்கத்தைக் கண்டனர். அதே எண்ணைக் குழந்தையின் இடத்திலிருந்து படித்தால் விருந்தோம்புவோர்க்கும் விருந்தினர்க்கும் இடையிலான கோடு தெரிகிறது. யார் நாற்காலியில் அமர்ந்தார், யார் தரையில் அமர்ந்தார், தின்பண்டம் யார் கொண்டுவந்தார் என்பவை துல்லியமாக நினைவில் நிற்கின்றன. பேராலயத்தில் நடந்த சடங்கு மங்கிவிடுகிறது. சடங்கு நெடியது. ஒளிபரப்பு ஏறத்தாழ ஏழு மணி நேரம். 12 அல்லது 14 அங்குலத் திரை, சாம்பல் நிறத்தில் அசையும் சிற்றுருவங்கள், ரிச்சர்ட் டிம்பிள்பியின் தாழ்ந்த குரல். நகரக் கூடாது, பேசக் கூடாது. 'சலித்துப் போயிற்று' என்னும் வாக்குமூலம் இந்நினைவெழுத்துகளில் ஒரு மன்னிப்புக் குறிப்போடு வருவது கவனத்திற்குரியது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் எழுதுபவர் சலிப்புக்காக வெட்கப்படுகிறார் என்றால் நினைவில் கொள்ளுமாறு இடப்பட்ட பணி இன்னும் செல்லுபடியாகிறது என்றே கொள்ள வேண்டும். முல்லைக்குரிய இருத்தலைப் போல் ஆற்றியிருத்தல் அன்று இது; ஆற்ற மாட்டாமல் இருத்தல்.

கரோலின் ஸ்டீட்மன் 1986இல் வெளியிட்ட 'லேண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் வுமன்' இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. அது முடிசூட்டு விழாவைப் பற்றிய நூலன்று. 1947இல் பிறந்து தென்லண்டனில் வளர்ந்த ஸ்டீட்மன், லங்காஷயர் நெசவாலை நகரிலிருந்து வந்த தம் தாயின் வாழ்வையும் தம் குழந்தைமையையும் வகுப்பு வரலாற்றின் பொது விளக்கங்களுக்குள் அடக்க முடியாமை பற்றி எழுதினார். உழைக்கும் வகுப்பினளான தாய் பழமைவாதக் கட்சிக்கு வாக்களித்தவர். நல்ல உடைகளை விரும்பியவர். கிடைக்காதவற்றின் மீது பொறாமை கொண்டவர். அந்த விருப்பமும் பொறாமையும் அரசியல் உணர்வுகளே என்பது ஸ்டீட்மனின் வாதம். அவருடைய நூலில் அரசு குழந்தையிடம் பேசும் முறை மிக எளியது: பள்ளியில் தந்த பாலும் பகலுணவும் ஆரஞ்சுச் சாறும், வாழ்வதற்குத் தமக்கு உரிமை உண்டு என்பதைத் தமக்கு மறைமுகமாக உணர்த்தின என்கிறார். நலவாழ்வரசின் பாலையும் முடிசூட்டின் குவளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பள்ளியில், ஒரே கைகளால் வழங்கப்பட்டவை. பால் குடிப்பதற்கு, அதை நினைவில் வைக்குமாறு யாரும் சொல்லவில்லை. ஆயினும் நினைவில் நின்றது. குவளை நினைப்பதற்கு; அது எதையும் தரவில்லை. பின்னாளில் தொகுப்பாளர்கள் கேட்டதெல்லாம் குவளையைப் பற்றித்தான் என்பது இத்தொகுப்புகளின் பெருங்குறை.

நிறம் ஏறிய நினைவு

விழாவைத் தொலைக்காட்சியில் கண்டதாக எழுதுவோர் சிலர் பொன்வண்டியின் ஒளியையும் ஊதா நிற அங்கியையும் வருணிக்கின்றனர். பிபிசியின் ஒளிபரப்பு கருப்பு வெள்ளையில் அமைந்தது. நிறம் வேறிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவ்விடமும் தெரிந்ததே. லாரன்ஸ் ஒலிவியரின் குரலில் 'எ குவீன் இஸ் கிரவுண்ட்' என்னும் டெக்னிகலர் ஆவணப்படம் விழா முடிந்த சில நாள்களிலேயே திரையரங்குகளுக்கு வந்தது. பள்ளிக் குழந்தைகள் வரிசை வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டனர். பிறர் வீட்டுச் சாம்பல் நிறத் திரையும் அரங்கின் வண்ணத் திரையும் நினைவில் ஒன்றாகிவிட்டன. மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925இல் கூறிய நினைவின் சமூகச் சட்டகங்கள் என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் ஆல்ப்வாக்சைச் சொல்லி முடித்துவிட்டால் ஒன்று தவறிப்போகும். நினைவு பிழையானது என்று நிறுவுவதால் அதன் மதிப்புக் குறைவதில்லை. எந்தக் காட்சியில் நிறம் ஏறுகிறது, எந்தக் காட்சி கருப்பு வெள்ளையாகவே இருக்கிறது என்பதைப் பிரித்தறிவதே திறனாய்வாளரின் பணி. அங்கிக்கு நிறம் ஏறுகிறது. தரையில் அமர்ந்த தன் முழங்காலுக்கு ஏறுவதில்லை.

தொலைக்காட்சி காட்டாதவற்றையும் கருத வேண்டும். பேராலயத்தின் உள்நிகழ்வுகளை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது என்று 1952 அக்டோபரில் அறிவித்திருந்த அரசு எதிர்ப்பு வலுக்கவே ஆண்டு முடிவதற்குள் முடிவை மாற்றிக்கொண்டது. ஆயினும் எண்ணெய் பூசும் சடங்கு மட்டும் மறைக்கப்பட்டது, கேமரா விலகிக்கொண்டது. சடங்கின் உயிர்நிலை என்று திருச்சபை கருதியது எதுவோ அது இரண்டு கோடிப் பேருக்கும் காட்டப்படாத பகுதியாக அமைந்தது.

நினைவெழுத்துகளில் தவறாது இடம்பெறும் மற்றொருவர் டோங்கா நாட்டின் சாலோட்டே அரசி. மழையில் பிறர் வண்டிகளின் மேற்கூரையை மூடிக்கொண்டபோது அவர் திறந்த வண்டியில் நனைந்தபடியே சிரித்துக் கையசைத்துச் சென்றார். சலித்துப்போன குழந்தைகளுக்கு அவர் ஏன் பிடித்துப்போனார் என்பது எளிதில் விளங்கும்: அந்நீண்ட பகலில் விதியை மீறிய ஒரே பெரியவர் அவரே. நனையக் கூடாது என்று குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. ஓர் அரசி நனைந்தார். இது மருட்கையின் தூய வடிவம். ஆயினும் இக்காட்சி இத்தனை காலம் நிலைத்தமைக்குக் குழந்தையின் விருப்பம் மட்டுமே காரணமாகாது. கென்யாவில் 1952 அக்டோபர் முதல் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. ஜோமோ கென்யாட்டா 1953 ஏப்ரலில் சிறைத்தண்டனை பெற்றார். பேரரசின் மக்கள் சிரித்துக் கையசைப்பவராக ஒரு திறந்த வண்டியில் வந்து சேர்ந்தமை வளர்ந்தோர்க்குப் பெரிதும் வேண்டியிருந்தது. அவர்கள் அக்கதையைக் குழந்தைகளிடம் ஆண்டுதோறும் சொல்லிவந்தனர். குழந்தை கண்டதும் வளர்ந்தோர் காண விரும்பியதும் ஒரே உருவில் படிந்துவிட்டன. பின்னாளில் எழுதுபவர் இவ்விரண்டையும் பிரிப்பதில்லை.

எவரெஸ்டுச் செய்தியும் இத்தகையதே. மே 29 அன்று ஹிலாரியும் டென்சிங்கும் சிகரம் அடைந்த செய்தி ஜூன் 2 காலை லண்டன் செய்தித்தாளில் வெளியாயிற்று. பிரித்தானிய நினைவில் அது அரசிக்குக் கிடைத்த முடிசூட்டுப் பரிசு. இந்தியாவிலும் நேபாளத்திலும் அதே செய்தி டென்சிங் எந்நாட்டவர், முதலில் கால் பதித்தவர் யார் என்னும் வினாக்களோடு நினைவுகூரப்பட்டது. நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த முடிசூட்டு உடையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை தைக்கப்பட்டிருந்தது. இந்தியா அப்போது மூன்றாண்டு நிறைந்த குடியரசு. அதன் தலைமை அமைச்சர் நேரு பேராலயத்தில் விருந்தினராக வீற்றிருந்தார். முடிசூடிய பெண்ணுக்கும் அந்நாட்டுக்கும் என்ன உறவு என்பதை அந்தத் தாமரையைக் கொண்டு எந்தக் குழந்தைக்கும் விளக்கியிருக்க இயலாது.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்நாள் ஒன்றாக இல்லை. ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத்து ஆண்டதில்லை. எனவே 'இரண்டாம்' என்னும் எண் அங்கே எதிர்ப்பை ஈட்டியது. அவ்வெண் பொறித்த அஞ்சல் பெட்டி ஒன்று எடின்பரோவின் இன்ச் பகுதியில் 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே பிப்ரவரித் தொடக்கத்தில் கிழக்குக் கரையைக் கடல்நீர் மூழ்கடித்தது. இங்கிலாந்தில் 307 பேர் மாண்டனர். கான்வி தீவில் வீடிழந்த குழந்தைக்கு ஜூன் மாத மழை என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த வெள்ளிவிழா மலரும் கேட்கவில்லை. மழை என்னும் முதற்பொருள் எல்லார்க்கும் பொதுவானது என்ற எண்ணம் இவ்விடத்தில் உடைகிறது.

புனைவு காட்டும் வெற்றிடம்

நினைவெழுத்துகளின் இம்மரபை உள்ளிருந்து விமர்சிக்கும் பணியை வரலாற்றைவிடப் புனைவே செவ்வனே செய்துள்ளது. ஏ.எஸ். பயாட்டின் 'த விர்ஜின் இன் த கார்டன்' (1978) முடிசூட்டு ஆண்டில் வடக்கு யார்க்ஷயரில் நிகழ்கிறது. முதலாம் எலிசபெத்தைப் பற்றிய செய்யுள் நாடகம் ஒன்றை ஊரார் அரங்கேற்றுகின்றனர். புதிய எலிசபெத்து யுகம் பிறந்துவிட்டது என்னும் அந்நாளைய முழக்கத்தை நாவல் பிற்காலத்திலிருந்து, 1968ஐச் சேர்ந்த ஒரு முன்னுரைக் காட்சியின் தொலைவிலிருந்து, நோக்குகிறது. அறிவார்ந்த நாவல், எனினும் அதன் மாந்தர் குழந்தைகள் அல்லர். நாயகி பதினேழு வயதினள். எதை நம்புவது என்று தானே முடிவு செய்யும் வயது அது.

கேட் அட்கின்சனின் 'பிஹைண்ட் த சீன்ஸ் அட் த மியூசியம்' (1995) வேறு தளத்தில் இயங்குகிறது. யார்க் நகரில் வளர்ப்பு விலங்குக் கடை ஒன்றின் மேல்தளத்தில் வாழும் லெனாக்ஸ் குடும்பத்தின் கதையை அதன் இளைய மகள் ரூபி சொல்கிறாள். 1951இல் தான் கருவான கணத்திலிருந்தே அவள் பேசத் தொடங்குகிறாள். 1953 முடிசூட்டு விழாவுக்கு ஓர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது. உறவினர் எல்லாரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடுகின்றனர். குவளை முதல் கொடி வரை மரபு வேண்டும் கருப்பொருள் அனைத்தும் வந்து சேர்கின்றன. இடையிடையே குடும்பப் பூசல்கள், அடக்கிய எரிச்சல்கள், சிறுவர் செய்யும் குறும்புகள். மேலோட்டமாகப் பார்த்தால் இது அம்மரபின் நகைச்சுவைப் பிரதி. திறனாய்வாளர் பலரும் அந்நகையோடு நிறைவடைந்துவிட்டனர்.

ஆனால் அன்று ரூபிக்கு வயது இரண்டுகூட நிறையவில்லை. அவள் எதையும் நினைவில் கொண்டிருக்க முடியாது. யார் எங்கே அமர்ந்தார், என்ன சொன்னார் என்பதை அவள் ஐயமின்றி விவரிக்கிறாள். இது புனைவின் உரிமம் என்று விட்டுவிடலாம். ஆயின் நாம் மேலே கண்ட நினைவெழுத்துகளை எழுதியோரும் மூன்று, நான்கு வயதில் கண்டவற்றை இதே உறுதியோடுதான் விவரிக்கின்றனர். அட்கின்சன் செய்தது ஒன்றே: வயதை இன்னும் சற்றுக் குறைத்தார். அதனால் பிறர் சொல்லிக் கேட்டது, புகைப்படத்தில் கண்டது, படத்தில் பார்த்தது ஆகியவற்றால் ஆன இரவல் நினைவின் கட்டுமானம் வெளித்தெரிகிறது. நகைச்சுவைக்கு உள்ளே ஒரு தருக்கம் இருக்கிறது.

நாவலின் பிற்பகுதியில்தான் மற்றொரு செய்தி வெளிப்படுகிறது. ரூபிக்குப் பேர்ல் என்னும் இரட்டைச் சகோதரி ஒருத்தி இருந்தாள். 1956இல் அவள் இறந்தாள். அவ்விறப்பையும் அவளையும் ரூபியின் நினைவு முற்றாகத் துடைத்துவிட்டது. குடும்பமும் அதைப் பற்றிப் பேசவில்லை. இதை அறிந்த பின் வாசகர் 1953ஆம் ஆண்டு இயலுக்குத் திரும்பினால் அங்கே வேறு பிரதி இருக்கிறது. அன்று பேர்ல் உயிரோடிருந்தாள். அந்த நெரிசலான அறையில், அந்தப் பெட்டியின் முன், ரூபியின் அருகிலேயே அவள் இருந்திருக்க வேண்டும். இத்தனை பேரையும் பொருள்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லும் கதைசொல்லி அவள் ஒருத்தியை எண்ணவில்லை. விவரங்களின் மிகுதியே விடுபட்டதை மறைத்திருக்கிறது. சிக்மண்ட் பிராய்டு 1899இல் குறிப்பிட்ட மறைப்பு நினைவின் இயல்பு இதுவே: தெளிவான, தீங்கற்ற ஒரு காட்சி, தாங்கவொண்ணாத ஒன்றின் முன் திரையாக நிற்கிறது.

இந்த இயலைப் படித்த பின் அம்மலர்களில் உள்ள நினைவுக் குறிப்புகளை மீண்டும் எடுத்துப் படிப்பது கடினம். எடுத்தால் வேறுவிதமாகவே படிக்க நேர்கிறது. குவளை, ஜெல்லி, மழை, சாலோட்டே அரசி எனப் பட்டியல் சரளமாக ஓடும் இடத்தில் நின்று, அந்த அறையில் வேறு யார் இருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. போரிலிருந்து திரும்பாத தந்தையரின் நாற்காலிகள் அவ்வறைகள் பலவற்றில் இருந்தன. போர் முடிந்து எட்டாண்டுகளே ஆகியிருந்தன. அவற்றைப் பற்றிய குறிப்பு இக்கட்டுரைகளில் ஓரிரு சொற்களாக, பெரும்பாலும் ஒரு துணைத்தொடராக, வந்து மறைகிறது. தாய் அன்று பிற்பகல் சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் வரவில்லை என்று ஒருவர் எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் கேக்குக்குத் திரும்பிவிடுவார். அத்துணைத்தொடரில் நிற்கத் தெரிந்த தொகுப்பாசிரியர் இதுவரை வாய்க்கவில்லை. 2022 செப்டம்பரில் எலிசபெத்து மறைந்தபோதும், 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லசு முடிசூட்டிக்கொண்டபோதும் அன்றைய குழந்தைகளிடம் மீண்டும் நினைவுகள் கேட்டு வாங்கப்பட்டன. அவர்களுள் இளையோரும் அப்போது எழுபதைக் கடந்திருந்தனர். அவர்கள் குவளையைக் கையில் ஏந்திப் புகைப்படத்துக்கு நின்றனர்.